நாளேடு வளர்த்த நற்குடி

நாட்டை ஆள்வோர் வேறு, ஏட்டை ஆள்வோர் வேறு என்று கருதுவது நம் வழக்கம். அரசியலார் சட்டம் இயற்றுவர். இதழாசிரியர் அதனைப் புகழ்வர் அல்லது பழிப்பர். எழுத்தாளர் இவ்விரு சாராருக்கும் அப்பால் ஒரு மூலையில் அமர்ந்து கதையும் கவிதையும் யாப்பர். இவ்வாறே நாம் எண்ணிப் பழகிவிட்டோம். ஆயினும் ஒரு மக்கள் கூட்டம் தன்னைத் தானே உணர்ந்து ஒரு குடியாக எழுந்து நிற்கும் காலத்தில் இம்மூன்று பணிகளும் ஒருவர் தோள்மீதே வந்து அமர்வதை வரலாறு காட்டுகிறது. மலாயா, சிங்கப்பூர்த் தமிழரிடையே அத்தகைய பணியை ஏற்றவர் தமிழவேள் கோ. சாரங்கபாணி ஆவார். அவருடைய ஏடு பேராக் மாநிலத்து ரப்பர்த் தோட்டங்களில் என்ன செய்தது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். அவரை அளந்தறிவதற்குத் தென் அமெரிக்கப் பெருமகன் ஒருவரை முதற்கண் அறிந்துகொள்வது பயன் தரும்.

அர்ஜெண்டினா நாட்டு ஆசிரியர்

தொமிங்கோ பவுஸ்தினோ சர்மியெந்தோ 1811ஆம் ஆண்டில் அர்ஜெண்டினாவின் சான் உவான் என்னும் ஊரில் எளிய குடும்பத்தில் பிறந்தவர். அன்னையார் தறியில் நெய்து குடும்பத்தைக் காத்தார். முறையான உயர்கல்வி வாய்க்கப்பெறாத சர்மியெந்தோ தாமே படித்துத் தேர்ந்து, பதின்ம வயதிலேயே சிற்றூர்ப் பள்ளியொன்றில் பாடம் சொல்லிக் கொடுத்தார். கொடுங்கோல் ஆட்சியை எதிர்த்த காரணத்தால் 1840இல் நாடு துறந்து, ஆண்டிசு மலையைக் கடந்து சிலி நாட்டை அடைந்தார். அங்கே அவருக்குக் கிடைத்த படைக்கலம் பேனா ஒன்றே. 1842இல் சாந்தியாகோ நகரில் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி நிறுவப்பெற்றபோது அதன் தலைமையை ஏற்றார். அதே ஆண்டில் அந்நகரின் நாளேடாகிய 'எல் புரோகிரெசோ'வின் ஆசிரியர் பொறுப்பிலும் அமர்ந்தார். பள்ளியும் ஏடும் அவருக்கு ஒரே வேலையின் இரு கைகளாக விளங்கின.

அவருடைய புகழ்பெற்ற 'பக்குந்தோ' என்னும் நூல் 1845இல் அந்த நாளேட்டில்தான் தொடராக வெளிவந்தது. வாழ்க்கை வரலாறு, அரசியல் கண்டனம், நில வருணனை ஆகிய மூன்றும் கலந்த அந்நூல் இசுபானிய அமெரிக்க இலக்கியத்தின் அடிக்கற்களுள் ஒன்று. மொழி யாருக்கு உரியது என்பது குறித்து அறிஞர் அந்திரேசு பெல்யோவுடன் அவர் 1842இல் சிலி இதழ்களில் நிகழ்த்திய சொற்போரும் நினைக்கத்தக்கது. மொழிக்கு இலக்கணம் வகுக்கும் சான்றோரே காவலர் என்பது பெல்யோவின் கட்சி. பேசி வழங்கும் மக்களே மொழியை ஆக்குவோர் என்பது சர்மியெந்தோவின் கட்சி. தூய தமிழா, பேச்சுத் தமிழா என்று நம் இதழ்களில் எழுந்த வாதங்களைப் படித்தோர்க்கு இது புதிதன்று.

1868 முதல் 1874 வரை அர்ஜெண்டினாவின் குடியரசுத் தலைவராக விளங்கிய அவர், நாடெங்கும் பள்ளிகளைப் பெருக்கினார். 1869இல் எடுக்கப்பெற்ற முதல் தேசியக் கணக்கெடுப்பு, மக்களுள் பெரும்பகுதியினர் எழுத்தறியாதவர் என்பதைக் காட்டியது. மறு ஆண்டில் பரானா நகரில் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி எழுந்தது. அவருக்கு முன் தலைவராயிருந்த பார்த்தொலொமே மித்ரே, பதவி நீங்கியபின் 1870இல் 'லா நசியோன்' என்னும் நாளேட்டைத் தொடங்கினார். கியூபா நாட்டு ஓசே மார்த்தி, நிக்கராகுவா நாட்டு ரூபன் தாரியோ ஆகிய பெருங்கவிஞர் இருவரும் பின்னாளில் அவ்வேட்டில் எழுதினர். ஆட்சிக் கட்டிலில் இருந்தோர் அச்சுக்கூடத்தையும் தம் கடமையாகக் கொண்ட காலம் அது. சர்மியெந்தோ மறைந்த 1888 செப்டம்பர் 11ஐ நினைவிற்கொண்டு, அந்நாளை ஆசிரியர் நாளாக அமெரிக்கக் கண்டத்து நாடுகள் பலவற்றுக்கு 1943இல் நடந்த கல்வி மாநாடு வகுத்தது. இதழாளர் ஒருவரின் நினைவுநாள் ஆசிரியர் நாளாயிற்று என்பதை நம் ஆசிரியப் பெருமக்கள் கருதிப் பார்த்தல் வேண்டும்.

தமிழில் அவ்வழி

தமிழகத்தில் இப்பணியைத் தொடங்கி வைத்தவருள் தலையானவர் ஜி. சுப்பிரமணிய ஐயர். ஆசிரியத் தொழிலில் இருந்த அவர் நண்பருடன் சேர்ந்து 1878இல் 'தி இந்து' இதழைத் தொடங்கினார். ஆங்கிலம் அறிந்த சிலரோடு அரசியல் நின்றுவிடலாகாது என்று உணர்ந்து 1882இல் 'சுதேசமித்திரன்' என்னும் தமிழ் ஏட்டைத் தோற்றுவித்தார். 1885இல் பம்பாயில் கூடிய முதல் காங்கிரசு மகாசபையில் முதல் தீர்மானத்தை முன்மொழிந்தவரும் அவரே. 1904இல் சுப்பிரமணிய பாரதியாரைத் தம் இதழுக்கு உதவியாசிரியராக அழைத்துக்கொண்டதால், தமிழ் உரைநடைக்கு அவர் ஆற்றிய தொண்டு இரட்டிப்பாயிற்று.

கடல் கடந்த தமிழரும் இதில் பின்தங்கவில்லை. சிங்கப்பூரில் 1887இல் 'சிங்கை நேசன்' வெளிவரத் தொடங்கியது. கோலாலம்பூரில் 1924இல் 'தமிழ் நேசன்' தோன்றியது. எனினும் தொடக்ககால ஏடுகளைப் படித்தோர் பெரும்பாலும் நகரத்து வணிகரும் அலுவலரும் ஆவர். தோட்டத்து லயங்களில் வாழ்ந்த பெருந்திரளான உழைப்பாளரின் கைக்கு ஏடு வந்து சேர்வதற்கு இன்னும் சில காலம் பிடித்தது.

பேராக் மண்ணும் பள்ளியும்

பேராக் மாநிலத்தின் நிலை இங்கு ஆராயத்தக்கது. கிந்தா பள்ளத்தாக்கின் ஈயம் ஈப்போவைச் செல்வ நகராக்கியது. அதனைச் சூழ்ந்த சுங்கை சிப்புட், பத்து காஜா, தாப்பா, பீடோர், தெலுக் இந்தான் வட்டாரங்களிலும் வடக்கே தைப்பிங் வரையிலும் ரப்பர் மரங்கள் நிரை நிரையாய் எழுந்தன. விடியுமுன் பிரட்டுக்கு நின்று, வெட்டுக்காட்டில் பால்மரம் சீவி, வாளி சுமந்து வந்து நிறுவை கொடுத்து மீளும் வாழ்வு தலைமுறை தலைமுறையாக நடந்தது. கங்காணியும் கிராணியுமே தோட்டத் தமிழர்க்கு அரசாங்கமாய்த் தோன்றினர்.

1923இல் வந்த தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரேனும் இருக்கும் தோட்டத்தில் பள்ளி நடத்துமாறு முதலாளிமார்க்குக் கட்டளையிட்டது. சட்டத்தால் பள்ளிகள் பிறந்தன. ஆனால் பல இடங்களில் கொட்டகையே பள்ளியாகவும், சற்றுப் படித்த கங்காணியோ கிராணியோ ஆசிரியராகவும் அமைந்தனர். பின்னாளில் பயிற்சி பெற்ற ஆசிரியர் வந்தபோதும், ஆறாண்டுத் தமிழ்க் கல்விக்கு மேல் அப்பள்ளிகள் செல்லவில்லை. மேல்நிலைக் கல்வி ஆங்கிலத்தில், நகரத்தில், கட்டணத்தோடு இருந்தது. பன்னிரண்டு வயதில் படிப்பை முடித்த பிள்ளை வாளியைத் தூக்கிக்கொண்டு பெற்றோர் பின் சென்றது. எழுதப் படிக்கத் தெரிந்தும் எழுதுவதற்கும் படிப்பதற்கும் ஒன்றுமில்லாத இளைஞர் கூட்டம் ஒன்று தோட்டங்களில் வளர்ந்தது. இந்த உண்மையை மனத்திற்கொள்ளாவிடில் தமிழ் ஏடுகளின் பணியை நாம் உள்ளவாறு உணர இயலாது.

சிந்தனைக் களத்தில் ஒரு புயலும் ஈப்போவின் வழியாகவே வீசியது. 1929 டிசம்பரில் பெரியார் ஈ.வெ. இராமசாமி மலாயாவுக்கு வருகை தந்து, ஈப்போவில் கூடிய தமிழர் மாநாட்டில் உரையாற்றினார். அவர் வருகையை எதிர்த்தோரும் இருந்தனர், வரவேற்றோரும் இருந்தனர். சாதியும் மூடப்பழக்கமும் கடல் தாண்டி வந்தும் ஏன் தொடர வேண்டும் என்னும் வினா அதன்பின் இந்நாட்டுத் தமிழரிடையே ஓயவில்லை. அவ்வினாவை நாள்தோறும் அச்சில் எழுப்பும் பணியைச் சிங்கப்பூரிலிருந்து ஏற்றவரே சாரங்கபாணி.

முன்னேற்றமும் முரசும்

1903இல் திருவாரூரில் பிறந்த கோ. சாரங்கபாணி, 1924இல் சிங்கப்பூர் வந்து வணிக நிலையமொன்றில் கணக்கராகப் பணியேற்றார். கணக்கேடு எழுதிய கை விரைவில் செய்தியேடு எழுதப் புகுந்தது. 1929இல் தொடங்கிய 'முன்னேற்றம்' என்னும் வார ஏட்டில் துணையாசிரியராயிருந்து பின் ஆசிரியரானார். 1932இல் அமைந்த தமிழர் சீர்திருத்தச் சங்கத்தின் தூண்களுள் ஒருவரானார். அச்சங்கத்தின் குரலாக 1935 ஜூலை 6ஆம் நாள் 'தமிழ் முரசு' வார ஏடாக வெளிவந்தது. அதன் விலை ஒரு காசு.

அந்த விலையிலேயே ஒரு கொள்கை இருந்தது. அறிவுடையோர்க்கு மட்டும் என்று எழுதப்பட்ட ஏடாயின் விலையைப் பற்றிக் கவலை வேண்டுவதில்லை. துறைமுகக் கூலிக்கும் தோட்டத் தொழிலாளிக்கும் எட்ட வேண்டுமாயின் ஒரு காசே தக்க விலை. பின்னர் இதழின் பொறுப்பைச் சாரங்கபாணி தாமே ஏற்றுக்கொண்டார். சில ஆண்டுகளில் அது நாளேடாகவும் வளர்ந்தது. சாதி வேற்றுமை, கள்ளுண்ணல், தீமிதி முதலியவற்றை எதிர்த்தும், சீர்திருத்தத் திருமணத்தையும் பெண் கல்வியையும் ஆதரித்தும் முரசு ஓயாமல் எழுதியது. தாம் எழுதியதைத் தம் வாழ்விலும் அவர் கடைப்பிடித்தார். சீனப் பெண்மணியொருவரை மணந்து, இனம் கடந்த இல்லறம் நடத்தினார். ஆங்கிலம் படித்த இந்தியரை எட்டும்பொருட்டு 1946இல் 'இந்தியன் டெய்லி மெயில்' என்னும் ஆங்கில நாளேட்டையும் தொடங்கினார்.

அக்காலத்தில் தோட்டத்தில் ஓர் ஏடு ஒருவர் உடைமையன்று. தபாலிலோ பேருந்திலோ வந்து சேர்ந்த ஒரு தாள் பல வீடுகளைச் சுற்றிவரும். படிக்கத் தெரிந்தவர் வாசிக்க, மற்றவர் திண்ணையில் சூழ்ந்திருந்து கேட்பர். சிகையலங்காரக் கடையிலும் காப்பிக் கடையிலும் பழைய தாள்கள் நைந்து கிழியும்வரை புரளும். எனவே விற்பனைக் கணக்கைக் கொண்டு அக்கால ஏட்டின் வீச்சை அளப்பது பிழையாகும். கண்ணால் படித்தோரினும் காதால் படித்தோர் மிகுதி.

படித்தவன் எழுதினான்

சீர்திருத்தம் பேசிய ஏடுகள் பல உண்டு. முரசின் தனிச்சிறப்பு வேறோர் இடத்தில் உள்ளது. இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1950களின் தொடக்கத்தில், மாணவர்க்கென்றே 'மாணவர் மணிமன்றம்' என்னும் பகுதியை அது தோற்றுவித்தது. தமிழ்ப் பள்ளியில் பயிலும் பிள்ளைகளும் படிப்பை முடித்துத் தொழிலுக்குப் போன இளைஞரும் அதில் எழுதலாயினர். சிறு கட்டுரை, பாட்டு, கதை, வினா விடை என்று தொடங்கிய எழுத்து, காலப்போக்கில் முதிர்ந்தது. மலேசிய, சிங்கப்பூர் எழுத்தாளர் பலர் தம் முதற்படைப்பு அச்சேறிய இடம் மணிமன்றமே என்று நன்றியுடன் குறிப்பதை நாம் கேட்டிருக்கிறோம். ஏட்டோடு நில்லாமல், ஊர்தோறும் மன்றங்கள் அமைத்துக் கூடிப் பேசவும் அவ்விளைஞர் முற்பட்டனர்.

இதே காலத்தில் 'தமிழ் நேசன்' ஏடும் அருந்தொண்டு புரிந்தது. 1950ஐ ஒட்டி, சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் அதில் 'கதை வகுப்பு' நடத்தினர். எழுத விரும்புவோர்க்குச் சிறுகதை இலக்கணத்தைப் பாடமாகக் கற்பித்து, பயிற்சி தந்து, எழுதியவற்றைத் திருத்திக் காட்டிய வகுப்பு அது. பின்னர்த் தமிழகத்திலிருந்து வந்த சிறுகதையாசிரியர் கு. அழகிரிசாமி, 1950களில் சில ஆண்டுகள் நேசனில் பணியாற்றி, இளம் எழுத்தாளரைக் கூட்டி இலக்கியம் பேசினார். இரு ஏடுகளுக்கும் கொள்கையில் வேறுபாடு இருந்தது. ஒன்று சீர்திருத்தம் என்றது. மற்றொன்று மரபுக்கு அணுக்கமாய் நின்றது. ஆயினும் வாசகனை எழுத்தாளனாக்கும் வேலையில் இரண்டும் ஒன்றோடொன்று போட்டியிட்டன. அப்போட்டியில் வென்றது மலேசியத் தமிழிலக்கியமே.

இதன் பொருளை ஆழ்ந்து நோக்க வேண்டும். பால்மரக் காட்டுப் பிள்ளை ஒருவன் தாளில் பத்து வரி எழுதி அனுப்புகிறான். பல வாரம் காத்திருக்கிறான். ஒருநாள் அவன் பெயரும், அதன் கீழே அவன் தோட்டத்தின் பெயரும் அச்சில் வருகின்றன. அதுவரை தோட்டத்துப் பெயர்ப்பதிவேட்டில் ஓர் எண்ணாகவும், சம்பளத் தாளில் ஒரு கைந்நாட்டாகவும் இருந்த குடும்பத்திலிருந்து ஒரு பெயர் ஊரறிய எழுகிறது. அதனைக் கிராணியும் படிக்கிறார், ஆசிரியரும் படிக்கிறார், எங்கோ ஜொகூரில் உள்ள முன்பின் அறியாத மற்றொரு பிள்ளையும் படிக்கிறான். தான் எண்ணுவதைப் பிறர் கேட்பர் என்ற நம்பிக்கை அன்று அவனுக்குப் பிறக்கிறது. குடியுரிமை என்னும் உணர்வுக்கு அந்த நம்பிக்கையே வித்து. ஆறாம் வகுப்போடு நின்றுபோன ஒரு தலைமுறைக்கு நாளேடே மேல்நிலைப் பள்ளியாய் அமைந்தது என்று கூறின் அது மிகையாகாது.

ஒரு வெள்ளி எழுப்பிய துறை

இவ்வாறு விழித்த வாசகர் கூட்டம் ஒரு பெருஞ்செயலுக்குத் துணைநின்றது. 1949இல் சிங்கப்பூரில் அமைந்த மலாயாப் பல்கலைக் கழகத்தில் இந்தியவியல் துறை ஒன்று நிறுவும் பேச்சு எழுந்தது. அதுபற்றிக் கருத்துரைக்க வந்த வரலாற்றறிஞர் நீலகண்ட சாஸ்திரியார் சமஸ்கிருதத்திற்கு முதன்மை தரும் வகையில் பரிந்துரைத்தார். இந்நாட்டு இந்தியருள் மிகப் பெரும்பாலோர் தமிழராயிருக்க, தமிழுக்கு முதலிடம் இல்லையா என்று முரசு கேட்டது. ஆசிரியவுரையும் வாசகர் மடல்களும் தொடர்ந்து வெளிவந்தன. 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் பெயரில் நிதி திரட்டப்பெற்றது. தலைக்கு ஒரு வெள்ளி தாரீர் என்பதே அழைப்பு. அன்றாடக் கூலியில் வாழ்ந்தோர், தம் பிள்ளைகள் நுழைய முடியுமா என்று அறியாத ஒரு பல்கலைக் கழகத்தின் தமிழ் நூலகத்திற்காக அந்த வெள்ளியை ஈந்தனர்.

1956இல் இந்தியவியல் துறை தமிழைத் தலைமையாகக் கொண்டு தொடங்கியது. பின்னர்க் கோலாலம்பூர் வளாகத்தில் நிலைபெற்றது. 1961இல் தனிநாயக அடிகளார் அத்துறைக்கு வந்தார். அவருடைய முயற்சியால் 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு கூடியது. உலகத் தமிழறிஞர் அனைவரும் போற்றும் அம்மாநாட்டின் வேர்களுள் ஒன்று, தோட்டத்து லயத்தில் முடிச்சவிழ்த்துக் கொடுத்த ஒரு வெள்ளியில் இருந்தது. இன்று அத்துறையில் பயிலும் மாணவர் இதனை மறத்தல் ஆகாது.

திருநாளும் குடியுரிமையும்

1951இல் தமிழர் பிரதிநிதித்துவ சபை சிங்கப்பூரில் உருவாயிற்று. சாரங்கபாணி அதன் தலைவரானார். மறு ஆண்டில் பொங்கலை ஒட்டித் 'தமிழர் திருநாள்' கொண்டாடப்பெற்றது. சாதி, சமயம் பாராது தமிழ் பேசுவோர் யாவரும் ஒன்றுகூடும் நாள் என்பதே அதன் கருத்து. சைவரும் வைணவரும் கிறித்துவரும் இசுலாமியரும் ஒரே மேடையில் அமர்ந்தனர். மலாயாவின் ஊர்களிலும் தோட்டங்களிலும் அது பரவியது. பேச்சுப் போட்டி, கட்டுரைப் போட்டி, நாடகம், விளையாட்டு என்று அமைந்த அவ்விழாவுக்கு ஆண்டுதோறும் பிள்ளைகளை ஆயத்தம் செய்தோர் தமிழாசிரியர்களே. மணிமன்றத்தில் எழுதிய கை, திருநாள் மேடையில் ஒலிவாங்கியைப் பற்றியது.

ஆயினும் விழாவினும் வன்மையான வினா ஒன்று வாயிலில் நின்றது. 1957 ஆகஸ்டு 31இல் மலாயா விடுதலை பெற்றது. அதே ஆண்டில் சிங்கப்பூரிலும் குடியுரிமைச் சட்டம் வந்தது. இந்நாட்டில் உழைத்து ஓய்ந்தோர் இந்நாட்டின் குடிமக்கள் ஆவரா, அன்றி என்றேனும் ஊர் திரும்புவோராகவே இருப்பரா? குடியுரிமைக்கு மனுச் செய்யுங்கள், நாளைக்கு என்று தள்ளாதீர்கள் என்று சாரங்கபாணி திரும்பத் திரும்ப எழுதினார். சிங்கப்பூரில் பதிவு இயக்கமே நடத்தினார். பேராக்கைச் சேர்ந்த அரசியல் தலைவரின் பணியும் இங்கு இணைத்து நோக்கற்குரியது. 1919இல் சுங்கை சிப்புட்டில் பிறந்து, 1955இல் மலாயா இந்தியர் காங்கிரசின் தலைமையை ஏற்ற வீ.தி. சம்பந்தன், தோட்டத் துண்டாடலால் உழைப்பாளர் வீதிக்கு வரும் நிலையைக் கண்டு 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். திங்கள்தோறும் பத்து வெள்ளி கட்டி, தொழிலாளர் தாமே தோட்டங்களுக்குப் பங்காளர் ஆயினர். ஒருவர் மொழியைக் காத்தார். மற்றவர் காலடி மண்ணைக் காத்தார். இரண்டும் இன்றேல் குடிமை முழுமை பெறாது.

அழைப்பைக் கேட்டோர் தழைத்தனர். கேளாதோரும், கேட்டும் பிறப்புச் சான்று முதலியன இன்றித் திகைத்தோரும் மிகப் பலர். சிவப்பு அடையாள அட்டையோடு வாழ்ந்த அவர்களுக்கு 1969இல் பேரிடி விழுந்தது. குடிமக்கள் அல்லாதார் வேலை செய்ய அனுமதிச் சீட்டுப் பெற வேண்டும் என்னும் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, தோட்டத் தொழிலாளர் பல்லாயிரவர் வேலையிழந்து, தாம் கண்டறியாத அல்லது மறந்தே போன தமிழகத்துச் சிற்றூர்களுக்குக் கப்பலேறினர். குடும்பங்கள் பிரிந்தன. தோட்டத்துப் பள்ளிகளில் இருக்கைகள் வெறுமையாயின. ஒரு தாள் இல்லாமையால் ஒரு வாழ்வே பெயர்க்கப்பட்டது. பத்தாண்டுக்கு மேலாக ஏடு எழுதியதெல்லாம் இதைத் தடுக்கத்தானே என்று எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது. எழுத்தறிவும் ஏடும் எட்டாத லயங்களில்தான் இவ்விடி மிகுதியாய் விழுந்தது எனலாம்.

குறையும் நிறையும்

புகழ்ந்து நிற்றல் வரலாறு ஆகாது. சர்மியெந்தோவிடம் ஒரு பெருங்குறை உண்டு. நகரமே நாகரிகம், சமவெளியில் மாடு மேய்த்துக் குதிரையேறித் திரிந்த கௌச்சோ மக்களின் வாழ்வு காட்டுமிராண்டித்தனம் என்று அவர் பிரித்தார். எழுத்தறிவிக்க விரும்பிய மக்களையே அவர் இகழவும் செய்தார். பழங்குடியினர் மீது அவர் காட்டிய வெறுப்பை இன்றைய அறிஞர் கடிந்துரைப்பர். அவர் ஆட்சியிலேயே, 1872இல், ஓசே எர்னாந்தெசு என்னும் இதழாளர் 'மார்த்தீன் பியெர்ரோ' என்னும் காவியத்தைக் கௌச்சோவின் வாய்மொழியாகவே பாடி வெளியிட்டார். இகழப்பட்டவன் குரல் நாட்டின் பெருங்காவியமாயிற்று.

சீர்திருத்த ஏடாகிய முரசுக்கும் அத்தகைய இடர் இருந்தது. தீமிதியையும் கள்ளையும் கடிந்த எழுத்து, சிலபோது அவற்றில் ஆறுதல் தேடிய ஏழையையும் கடிவதாய்த் தோன்றியிருத்தல் கூடும். மேலும், தனி ஒருவர் உடைமையாய் இருந்த நாளேடு பொருள் நெருக்கடிக்கும் ஆளானது. 1963இல் பணியாளரின் வேலைநிறுத்தத்தால் முரசு நெடுங்காலம் வெளிவராது நின்றது. மறு ஆண்டில் 'தமிழ் மலர்' என்னும் புதிய நாளேடு தோன்றியது. தொழிலாளர்க்குப் பரிந்து எழுதிய ஏட்டில் தொழிலாளர் பிணக்கு எழுந்தது என்பது மறைக்கத்தக்கதன்று.

இவ்வளவும் ஒப்புக்கொண்ட பின்னரும் ஓர் உண்மை எஞ்சி நிற்கிறது. அர்ஜெண்டினாவின் தலைவர் உழைப்பாளரைப் பற்றி எழுதினார்; உழைப்பாளரின் பிள்ளையை எழுதவைக்க ஓர் இடம் ஒதுக்கினார் நம் தமிழவேள். அவர் எந்நாட்டுக்கும் தலைவராய் வீற்றிருந்தவரல்லர். ஆணை பிறப்பிக்கும் முத்திரை அவரிடம் இல்லை. ஒரு பக்கத்தை மட்டும் பிள்ளைகளுக்குத் திறந்துவிட்டார். 1974 மார்ச்சுத் திங்களில் அவர் மறைந்தபோது, அப்பக்கத்தில் வளர்ந்த கைகள் இரு நாடுகளிலும் எழுதிக்கொண்டிருந்தன.

இன்று நாம்

இன்று பேராக்கின் பழைய ரப்பர்த் தோட்டங்கள் பலவற்றைத் தேடினால் செம்பனைக் காடுகளையோ புதிய வீட்டுத் தொகுதிகளையோ காண்கிறோம். லயங்கள் இடிந்தன; கோயில்களும் பள்ளிகளும் சில இடங்களில் எஞ்சின. 1957இல் 888 எனக் கணக்கிடப்பெற்ற தமிழ்ப் பள்ளிகள் இப்போது ஐந்நூற்றைச் சற்றே கடந்து நிற்கின்றன. சுங்கை சிப்புட்டில் சம்பந்தனாரின் முயற்சியால் 1954இல் எழுந்த மகாத்மா காந்தி கலாசாலை போன்றவை நிமிர்ந்து நிற்பது நமக்கு ஊக்கம் தருகிறது. 'தமிழ் நேசன்' தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து 2019இல் நின்றுவிட்டது. 'தமிழ் முரசு' சிங்கப்பூரில் தொடர்ந்து வெளிவருகிறது. ஆயினும் எல்லை பிரிந்தபின் அது பேராக் வாசகர்க்குப் பழைய அணுக்கத்தில் இல்லை.

ஏடு மெலிந்த இடத்தில் அதன் வேலையை யார் செய்வது? இக்கேள்வி தமிழாசிரியர் முன்னரே நிற்கிறது. நம் மாணவர் தேர்வுக்காக எழுதுகின்றனர். மதிப்பெண் இட்டபின் அத்தாள் மூடப்படுகிறது. முன்பின் அறியாத ஒருவர் தம் எழுத்தைப் படிப்பார் என்னும் நடுக்கமும் மகிழ்வும் அவர்களுக்கு அரிதாகிவிட்டன. பள்ளிக்கொரு கையெழுத்து ஏடோ, மாவட்டத்துக்கொரு மாணவர் மலரோ பெருஞ்செலவு கோருவன அல்ல. மாணவன் பெயரையும் அவன் ஊரின் பெயரையும் சேர்த்து அச்சிடுவோம். அவன் தாத்தா பால்மரம் சீவிய தோட்டத்தின் பெயர் வரைபடத்தினின்று நீங்கியிருப்பினும், அப்பேரன் எழுதும் கட்டுரையின் கீழே அது வாழட்டும்.

அர்ஜெண்டினாவில் இதழாளர் ஒருவரின் நினைவுநாள் ஆசிரியர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. நம் நாட்டில் இதழாளர் விட்டுச்சென்ற பணியை ஆசிரியர் ஏற்பாராயின், தமிழவேளுக்கு அதனினும் சிறந்த நினைவுச்சின்னம் வேறு வேண்டுவதில்லை.